பாஸாகக் கூடாத பரீட்சை

போன வாரம் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டுப் போனைப் பட்டென்று வைத்தாளே பாப்பா, ஆறு நாள் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பாப்பா என்றதும் யாரோ சின்னப் பெண் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. வயது ஐம்பத்து மூன்று, தலையில் பாதிக்கு மேல் வெள்ளை. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். கடைசிப் பிள்ளையாகப் பிறந்த பாவத்துக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இனிமேல் போகாது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று மாதமாகிறது. எலும்பு தப்பியது பெரிய புண்ணியம். ஆனால் முழங்காலில் பலம் போய்விட்டது. அன்று தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தவள்தான் பாப்பா. எழுப்புவது, உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள்தான். வெளியூரில் இருக்கும் அண்ணன், நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்திருப்பதாகவும், அதில் ஓர் அறை காலியாவதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். அப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிடப் பார்க்கிறாயா என்று பாப்பா கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசியதை இங்கே திருப்பி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என் மேல் வருத்தப்படுவார்.

அண்ணனை ஜெயிக்கப் பாப்பாவின் கையில் இருந்தது ஒரே ஒரு சீட்டு. முதியோர் நல அலுவலகத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. வீட்டிலேயே வந்து பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளைத் தினமும் மூன்று மணி நேரம் அனுப்புவார்கள். ஆனால் சும்மா அனுப்ப மாட்டார்கள். அலுவலர் ஒருவர் நேரில் வந்து, எழுந்திரு, நட, சட்டைப் பொத்தானைப் போடு என்று சொல்லி மதிப்பெண் போடுவார். தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறவருக்கு உதவியாள் கிடையாது. முடியாதவருக்குத்தான் உண்டு.

பாப்பாவின் பிழைப்பே ஆட்களை டெஸ்டில் பாஸாக்குவது. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வந்தவர்களையெல்லாம் பாஸாக்கி அனுப்பியிருக்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் ஃபெயிலாக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அலுவலர் புதன்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே அப்பாவுக்குப் பாடம் எடுத்துவிட்டாள். நடிக்கவே வேண்டாம், எப்போதும் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள், எழுந்திருக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எதற்கும் ஒரே தடவையில் தலையாட்டியதில்லை. பாப்பாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் மாணவர்கள் இரண்டு பேருக்கு வகுப்பு. லீவு கேட்க வாயில்லை. எடுத்த லீவுகளுக்கே முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு டீயும் ரொட்டியும் வைத்துவிட்டு, வந்து குளிப்பாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்தரை மணிக்கு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து கதவைத் திறந்தாள்.

அப்பா ஹாலின் நடுவில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். குளித்திருந்தார். முகச்சவரம் செய்து, தாடையில் வெட்டுப்பட்ட இடத்தில் துளிப் பஞ்சை ஒட்டி வைத்திருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. வீட்டுக்குள்ளேயே ஷூ. கட்டில் படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தலைமாட்டில் கடை பரப்பியது மாதிரி இருக்கும் மாத்திரை டப்பாக்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

"வாக்கர் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"எதுக்கா? கமோட் சேரையும் காணோம். எங்க போச்சு எல்லாம்?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, எதிர்வீட்டு டெய்லரிடம் கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஏதோ குடையைக் கொடுத்து வைத்த மாதிரி சொன்னார்.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அப்பா. வருடத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்ஷன் வரும். முந்தின நாளும் மறுநாளும் லிஃப்ட் என்ன பாடு படுத்தினாலும் சரி, அன்றைக்கு மட்டும் சத்தமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். வாரம் முழுக்கத் துடைத்து, எண்ணெய் விட்டு, முறுக்கித் தயார் செய்துவிடுவார். அவர் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட இன்ஸ்பெக்ஷனில் நின்றதில்லை என்று இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். இப்போது அதே மாதிரி தன்னையே தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படியும் ஒரு மனிதரா என்றிருந்தது அவளுக்கு. நேற்று அவ்வளவு சொன்னேனே, எதற்காக வருகிறார்கள் என்றாவது காதில் விழுந்ததா, நீங்கள் நன்றாக இருப்பதாகக் காட்டினால் உதவியாள் வர மாட்டார், உதவியாள் வராவிட்டால் என் வேலை போகும், இல்லாவிட்டால் அண்ணன் உங்களை அந்த இல்லத்தில் விட்டுவிடுவான் என்று பொரிந்து தள்ளினாள். அவர் சட்டைக் கையிலிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இவரோடு பேசி ஆகப்போவதில்லை என்று எதிர்வீட்டுக்கு ஓடினாள். டெய்லர் மெஷினை நிறுத்தாமலே, பெரியவர் கேட்டால் நான் எப்படி மாட்டேன் என்பது என்று கையை விரித்தார். அப்பா பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கர் மேல் அளவெடுத்த துணிகளை மடித்துப் போட்டிருந்தார். அப்பா ராத்திரி ஒன்றுக்குப் போக வைத்திருந்த கமோட் சேரிலோ, பேண்ட் நீளம் குறைக்க வந்த ஆள் ஒருவர் கால் மேல் கால் போட்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். தான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அந்த ஆளுக்குத் தெரியாது. சொல்லவும் பாப்பாவுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் எழுந்திருக்கிறீர்களா என்று அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அலுவலர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. தோளில் குறுக்காகத் தொங்கும் பை, கையில் அட்டை வைத்த தாள்கள். பல வீடுகளைப் பார்த்த கண். உட்காருவதற்கு முன்பே அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். ஹால் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பாப்பாவுக்கு அழுகை வந்தது.

பரீட்சை ஆரம்பித்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். அப்பா எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொன்னார். போய் வந்தார், மெதுவாக, ஆனால் ஆடாமல். பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார். மேலிருந்து கீழ் வரை கழற்றி மாட்டினார். இன்று என்ன கிழமை, என்ன தேதி என்று கேட்டதற்கு, இரண்டையும் சொல்லிவிட்டு, உங்கள் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறதே அம்மா என்றும் சொன்னார். அலுவலர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். நல்ல மதிப்பெண்ணாகத்தான் இருக்கும்.

பாப்பாவால் உட்கார முடியவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எப்போதும் பிரேக் மேல் காலை வைத்தே பழகினவள். நேற்று அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை மேடம் என்று குறுக்கே விழுந்தாள். அலுவலர் நிமிர்ந்து பார்த்து, கேள்வி ஐயாவுக்கு அம்மா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ராத்திரி இரண்டு தடவை எழுந்து கூப்பிடுவார் என்றாள். அலுவலர் மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை அவள் வாயைத் திறந்தபோது அவர் சொல்லவே இல்லை, பேனாவை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அப்பாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பேண்ட்டுக்குள் வலது முழங்கால் நடுங்குவது பாப்பாவுக்குத் தெரிந்தது. பாவி மனுஷா, ஒரு தடவை முனகினால்தான் என்ன என்று மனதுக்குள் திட்டினாள். அவர் முனகவில்லை. யாருக்காக இந்த வீம்பு என்பதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை.

அடுத்து அலுவலர், ஐயாவிடம் தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று கேட்டார். எதற்கு என்றாள் பாப்பா. எல்லா வீட்டிலும் அப்படித்தான், வீட்டு ஆட்கள் இல்லாமல் பேசுவது அவருடைய உரிமை என்றார். அப்பாவைப் பார்த்தாள். நீ போயிட்டு வாம்மா என்று அவரும் கைகாட்டினார்.

மாடிப்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாகத் தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கினாள். விட்டுவிட்டு வந்த வீடு. போன தூக்கம். பின்னங்கழுத்தில் பிடித்துக்கொண்ட வலி. இத்தனையும் செய்தவளை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே ரகசியம் பேசுகிறார்கள். என்ன பேசுவார்? லிஃப்ட் கதைதான் பேசுவார். கோபத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவளை அலுவலர் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

உள்ளே போனதும் அலுவலர் அப்பாவைப் பார்த்து, "ஐயா, எங்கிட்ட சொன்னதை நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அப்பா ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அங்க போறேன் பாப்பா. அண்ணன் பார்த்த இடத்துக்கு."

பாப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. யாராவது மிரட்டினார்களா என்றுகூடக் கேட்டாள்.

போன மாதம் அண்ணன் அவரைக் காரில் அழைத்துக்கொண்டு போய் அந்த இல்லத்தைக் காட்டி வந்தான். வந்ததிலிருந்து இரண்டு நாள் அவர் பேசவில்லை. மனம் உடைந்துவிட்டார் என்று பாப்பா முடிவு கட்டினாள். அந்தக் கோபத்தில்தான் அண்ணனோடு அத்தனை சண்டையும். ஆனால் அவர் மனம் ஒன்றும் உடையவில்லையாம். யோசித்துக்கொண்டிருந்தாராம். முன்வரிசையில் ஒற்றை அறை, ஜன்னலோரம் மேசை, அறைக்குள்ளேயே குளியலறை. ஆனால் தானே நடந்து, தானே குளித்து, தானே உடுத்திக்கொள்கிறவர்களுக்குத்தான் அந்த வரிசை. இந்த அலுவலகம் போடுகிற மதிப்பெண் தாள்தான் அங்கேயும் போகும் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அவர் பத்து நாளாக, பாப்பா வேலைக்குப் போன நேரமெல்லாம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து பழகியிருக்கிறார். இன்று காலையில் வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு தனியாகக் குளித்திருக்கிறார். அவள் ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று அவர் படித்திருக்கிறார்.

"நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"ஒரு குறையும் வைக்கலை. பெத்த தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டா." அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னைக் குளிப்பாட்டறப்போ நீ கண்ணை மூடிக்கறே. நானும் மூடிக்கறேன். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு எத்தனை நாளைக்கும்மா?"

பாப்பா குளியலறைக் கதவைப் பார்த்தாள்.

"குளியலறைத் தாழ்ப்பாளைக் கழட்டிட்டே. நான் மறுபடி விழுந்தா உள்ள வரணும்னுதான் செஞ்சே, தெரியும். ஆனா எனக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும் பாப்பா. அங்க இருக்கு. உள்பக்கம் இருக்கு. போட்டுப் பார்த்தேன்."

"இதை எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"யார் கேட்டீங்க? அவன் போகணும்னான், நீ போகக் கூடாதுன்னே. நடுவுல என்னை யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது பாப்பாவுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. மூன்று மாதம் ஊரோடு உறவோடு மல்லுக்கு நின்றது யாருக்காக? வேண்டாம் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனிடம் அப்படியெல்லாம் பேசியிருப்பாளா? வலித்தது, வெட்கமாக இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அலுவலர் இருமினார். தாளில் ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது என்றார். குளியல் கட்டம். நடந்ததை நடந்தபடிதான் எழுத முடியும் என்றும் சொல்லிவிட்டு, பாப்பாவைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்ப உங்களைக் கேக்கறேன் அம்மா. மூணு மாசமா ஐயாவை யார் குளிப்பாட்டறாங்க?"

காலையிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் துடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று சொன்னால் உதவியாள் வந்துவிடுவார், அவள் கேட்டது கிடைத்துவிடும், அவர் கேட்ட அறை போய்விடும். அவரே குளிக்கிறார் என்று சொன்னால் அறை கிடைக்கும், அங்கே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் ஒருநாள் விழுந்து கிடப்பார். கேட்காதபோதெல்லாம் பதில் சொன்னவள் கேட்டபோது நின்றாள்.

"பாப்பாதான்" என்றார் அப்பா.

அலுவலர் எழுதாமல் அவரைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் நானே குளிச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. நடுவுல முடியாம தரையில உட்கார்ந்துட்டேன். அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால் அப்பா எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணெய் போடுவார். ஆனால், லிஃப்ட் கம்பி நன்றாக இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்டால், தேய்ந்த கம்பியை நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காகப் பாப்பாவின் சின்ன வயதில் ஒரு தடவை வேலையே போயிருக்கிறது. அந்தக் குணம் இன்றைக்கென்று பார்த்தா எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அலுவலர் கட்டத்தை நிரப்பினார். பிறகு தாளை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். உதவியாள் திங்கட்கிழமையிலிருந்து வருவார். குளிப்பாட்டிவிட்டுப் போக மட்டுமல்ல, தானே குளிக்கப் பழக்கவும் அவருக்குத் தெரியும். சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், காலுக்குப் பயிற்சி எல்லாம் எழுதியிருக்கிறேன். எட்டு வாரம் கழித்து மறுபடியும் வருவேன். அப்போது தானே குளித்தார் என்றால் அப்படியே எழுதுவேன், அவர் கேட்கிற இடத்துக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் எட்டு வாரம் அந்த அறையை வைத்திருப்பார்களா என்பது என் கையில் இல்லை, அதை நீங்கள்தான் அவர்களிடம் பேச வேண்டும் என்றார்.

அவர் போனதும் அப்பா ஷூவைக் கழற்றப் பார்த்தார். குனிய முடியவில்லை. பாப்பா தரையில் உட்கார்ந்து கழற்றிவிட்டாள். பாதம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து இந்தக் காலோடுதான் நடந்து காட்டியிருக்கிறார்.

எட்டு வாரம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். இல்லத்தோடு பேசிக்கொண்டிருப்பது அண்ணன். அவனோடு இந்த ஜென்மத்தில் பேச மாட்டேன் என்று சொல்லி ஆறு நாள்தான் ஆகிறது. வெட்கம் மானத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, அந்த ரூமை விட்டுடாதே. எட்டு வாரம் தள்ளித் தருவாங்களான்னு கேளு. அப்பாவுக்கு அது வேணுமாம்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். போகவில்லை.

"பாப்பா," என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "நீ அன்னிக்கு அவ்வளவு சண்டை போட்டே. யோசிச்சுப் பார்த்தேன். நீ சொல்றதுதான் நியாயம்னு பட்டுது. வேண்டாம்னு நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

பாப்பா கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அண்ணன் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறான். அதுவும் இதில்.

நாற்காலியிலிருந்து அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. மகள் தனக்காக அண்ணனிடம் இறங்கிப் போய்ப் பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் அதில் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று கையாலேயே கேட்டார்.

ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம். பேசிப் பார்க்கிறானாம் என்று சொல்லலாம். இரண்டு நாள் தள்ளலாம். இதையெல்லாம் அவள் ஒரு நொடி நினைத்தாள்.

"இதை எங்கிட்ட சொல்லாதே" என்றாள் அண்ணனிடம். "அவர் இங்கதான் இருக்கார். அவர்கிட்டயே சொல்லு."

போனை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லுடா" என்றார்.